கிபியோனில் கேட்ட வரம்: சாலொமோனின் விவேகமும் அதன் எல்லையும்

1. கேள்வி

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் தமிழகத் தேவாலயங்களில் மாணவர்களுக்காக ஏறெடுக்கப்படும் ஜெபங்களில் சாலொமோனின் பெயர் அடிக்கடி வரும். அவனுக்கு அருளிய ஞானத்தை இந்தப் பிள்ளைகளுக்கும் அருளும்படி ஆயர் மன்றாடுவார். பெற்றோரின் கவலையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் கேட்கப்படும் வரத்துக்கும் இந்த ஜெபத்துக்கும் இடைவெளி பெரிது. பதவிக்குப் புதியவனான ஓர் அரசன், தன்னைச் சிறுபிள்ளை என்று சொல்லிக்கொண்டு, எண்ணிக்கையில் அடங்காத மக்களுக்கு நியாயம் விசாரிக்கத்தக்க உள்ளத்தைக் கேட்கிறான். செவிகொடுக்கும் உள்ளம், நன்மையையும் தீமையையும் பிரித்துப் பார்க்கும் உள்ளம். நினைவாற்றலோ கல்வியோ அந்த வேண்டுதலில் இல்லை. அவன் கேட்டது ஒரு பதவிக்கான தகுதி. அதன் பயன் போய்ச் சேரவேண்டியவர்கள் வழக்கோடு வருகிறவர்கள்.

கடவுள் அந்த வேண்டுதலில் மகிழ்ந்து, கேளாத செல்வத்தையும் புகழையும் சேர்த்துக் கொடுத்தார் என்கிறது நூல். ஆனால் 11ஆம் அதிகாரத்தில் அதே அரசன் கடவுளின் கோபத்துக்கு ஆளாகிறான். 12ஆம் அதிகாரத்தில் நாடு இரண்டாகிறது. விசுவாசத்தோடு கேட்டு, கடவுளிடமிருந்தே பெற்ற விவேகம் பெற்றவனைக் காப்பாற்றவில்லை. ஏன்?

வழக்கமான பதில் நாம் எல்லோரும் கேட்டதுதான்: இளமையில் ஞானியாக இருந்தான், முதுமையில் அந்நியப் பெண்களால் கெட்டான். இந்தப் பதில் வேதாகமத்துக்கு உள்ளேயே தொடங்கிவிட்டது. அந்நிய மணங்களை எதிர்த்துப் போராடிய நெகேமியா (13:26) சாலொமோனைத்தான் எச்சரிக்கையாகக் காட்டுகிறார். அது பொய்யான பதிலும் அன்று. 11ஆம் அதிகாரம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. அது பாதிப் பதில் என்பதே என் வாதம்.

வரலாற்றுக் கேள்வியை இங்கேயே ஒதுக்கிவைத்துவிடலாம். சாலொமோனின் பெயரைச் சொல்லும் சமகாலக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. மெகிதோ, ஆத்சோர், கேசேர் நகரங்களின் வாயில்களை அவன் கட்டியவையாக யீகால் யாதின் கருதினார். இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் 1990களில் அவற்றை ஒரு நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளினார். அந்த விவாதம் ஓயவில்லை. ஓப்பீர் தர்ஷீஸ் கப்பல்களும், அவை கொண்டுவந்த மயில்கள் தமிழ்க்கரையிலிருந்து போனவையா என்ற, கால்டுவெல் காலத்திலிருந்து நம்மை விடாத ஆசையும் இருக்கின்றன. தமிழில் சாலொமோனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மயிலோடு நின்றுவிடுகிறார்கள். இக்கட்டுரை நூலின் கதையை, அதைத் தொகுத்தவர்கள் முன்வைத்த வடிவத்திலேயே எடுத்துக்கொள்கிறது.

2. இடம்

கனவு நடந்த இடம் கிபியோன். எருசலேமுக்கு வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இன்றைய எல்-ஜிப் என்ற ஊர் அது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிரிட்சார்ட் 1956இல் தொடங்கி அங்கே அகழாய்வு செய்தபோது, ஊர்ப்பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் பல கிடைத்தன. பாறையைக் குடைந்து அமைத்த, 11 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுள்ள, சுற்றுப்படிகளோடு இறங்கும் பெரிய நீர்க்குழி ஒன்றும் வெளிப்பட்டது.

உரையாசிரியர்கள் பலர் கிபியோனைப் பார்க்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஆலயம் கட்டப்படுமுன் மேடையில் பலியிட்டது சரியா? நாளாகமத்தின் ஆசிரியருக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. அதனால் மோசேயின் ஆசரிப்புக் கூடாரமும் வெண்கலப் பலிபீடமும் அங்கே இருந்தன என்று விளக்கம் சேர்த்தார் (2 நாளாகமம் 1). ஆனால் கிபியோனுக்கு இன்னொரு நினைவும் உண்டு. யோசுவா 9இல் அந்த ஊர்மக்கள் உபாயமாக ஓர் உடன்படிக்கை பெற்று உயிர் தப்பினார்கள். அதற்கு விலையாக விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைக்கப்பட்டார்கள். சவுல் அந்த உடன்படிக்கையை மீறி அவர்களைக் கொன்றான். அந்தப் பழி மூன்று வருடப் பஞ்சமாக வந்தபோது, தாவீது அவர்களை அழைத்துக் குறைகேட்டு, சவுலின் வம்சத்தில் ஏழுபேரை அவர்கள் கையில் ஒப்புக்கொடுத்தான் (2 சாமுவேல் 21). அந்தத் தீர்வு நம்மை உறையவைக்கிறது என்பது வேறு. கட்டாய வேலைக்காரர்களின் ஊரில், கேட்கப்படாத முறையீட்டால் நாடே பஞ்சத்தில் வாடிய கதைக்குரிய ஊரில் நின்றுதான், செவிகொடுக்கும் உள்ளத்தைச் சாலொமோன் வேண்டுகிறான். தொகுத்தவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்று நிரூபிக்க இயலாது. சாமுவேல் நூல்களைத் தொடர்ந்து படித்து வருகிற வாசகருக்கு இது கண்ணில் படாமல் போகாது என்பது மட்டும் உறுதி.

அரசன் கனவில் தெய்வத்தைக் காண்பது பண்டைய கிழக்கில் பழகிய வடிவம். கீசாவில் ஸ்ஃபிங்க்ஸின் பாதங்களுக்கு நடுவே நிற்கும் நான்காம் துத்மோஸின் கனவுக் கல்வெட்டு, நிங்கிர்சுவுக்குக் கோயில் கட்டக் கட்டளை பெற்ற குதேயாவின் உருளைகள் இரண்டும் நன்கு அறியப்பட்டவை. ஸீக்ஃபிரீட் ஹெர்மான் 1950களில் கிபியோன் கதையை எகிப்திய அரச இலக்கிய வகையோடு சேர்த்துப் படித்தார். ஒப்புமை உண்மை, வேறுபாடும் உண்மை. துத்மோஸ் மணலை அகற்ற வேண்டும், குதேயா கோயில் கட்ட வேண்டும். கிபியோனில் கட்டளை எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்று அரசனிடம் கேட்கப்படுகிறது. என்ன கேட்டான் என்பதே அவனுக்கு வைக்கப்பட்ட முதல் சோதனை.

3. வரத்துக்கு முந்தைய ஞானம்

கிபியோனுக்கு முன்பே சாலொமோனிடம் ஞானம் இருந்தது என்பதைப் பிரசங்கங்கள் கவனிப்பதில்லை. மரணப்படுக்கையில் தாவீது, யோவாபை நரைமயிரோடு சமாதானமாகப் போகவிடாதே, உன் ஞானத்தின்படி செய் என்ற பொருளில் சொல்கிறான். சீமேயியைப் பற்றிச் சொல்லும்போதும் நீ புத்திமான் என்கிறான் (1 இராஜாக்கள் 2). சாலொமோன் அந்த ஞானத்தைக் குறைவின்றிப் பயன்படுத்துகிறான். அண்ணன் அதோனியா கொல்லப்படுகிறான். ஆசாரியன் அபியத்தார் துரத்தப்படுகிறான். பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு நின்ற யோவாபைப் பெனாயா அங்கேயே வெட்டுகிறான். சீமேயிக்கு எருசலேமை விட்டு வெளியேறக்கூடாது என்று நிபந்தனை போட்டு, ஓடிப்போன அடிமைகளைத் தேடி அவன் வெளியே போன மூன்றாம் வருடத்தில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. பிறகு, ராஜ்யம் உறுதிப்பட்டது என்று நூலாசிரியர் அமைதியாக முடித்துவிடுகிறார்.

எதிரிகளின் உயிரை நீ கேட்கவில்லை என்று கடவுள் கனவில் அவனைப் பாராட்டுகிறார். எதிரிகளின் உயிர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இந்த அங்கதம் தற்செயலானது என்று என்னால் நம்ப முடியவில்லை. அரண்மனைக்கு ஏற்ற சாமர்த்தியம் அவனிடம் போதுமான அளவு இருந்தது, இல்லாதது வேறொன்று. அது தன்னிடம் இல்லை என்று அறிந்திருந்தது அவனது பெருமை. விசுவாசம் என்பதற்கு இந்த அதிகாரத்தில் ஒரு பொருள் உண்டென்றால், இந்த அறிதல்தான் அது.

4. இரண்டு பெண்கள்

கனவை அடுத்து உடனே ஒரு வழக்கு வருகிறது. ஒரே வீட்டில் வாழும் இரண்டு வேசிகள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு பிள்ளைகள். ஒன்று இரவில் இறந்துபோகிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவனோ மூப்பரோ ஊர்ச்சபையோ அவர்களுக்காகப் பேச வரவில்லை. சமூகத்தின் கடைக்கோடியில் இருக்கும் இருவர் நேராக அரசன் முன் நின்று வாதாடுகிறார்கள். தீர்ப்பின் சாதுரியத்தைப் புகழும் அவசரத்தில், வழக்கு அங்கே வந்து சேர்ந்ததே பெரிய விஷயம் என்பதை விட்டுவிடுகிறோம்.

இது உலகெங்கும் உலவும் கதை. ஹூகோ கிரெஸ்மான் 1907இல் இதன் 22 வடிவங்களைத் திரட்டி, இதன் பிறப்பிடம் இந்தியாவாக இருக்கலாம் என்று கருதினார். பௌத்த ஜாதகக் கதைகளில் மகோசதன் தரையில் கோடு கிழித்து, பிள்ளையை இரு பக்கமும் இழுக்கச் சொல்கிறான். பெற்றவள் கையை விடுகிறாள். ஆனால் அங்கே எதிராளி ஒரு யக்ஷிணி, பிள்ளையைத் தின்ன எடுத்தவள். அவளது சிவந்த, இமைக்காத கண்களைக் கண்டே மகோசதன் உண்மையை அறிந்துகொள்கிறான். கோடு கிழிப்பது கூடியிருப்பவர்களுக்குக் காட்டுவதற்காக. சாலொமோனுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. இரு பக்கத்திலும் மனிதத் தாய்மார். ஒருத்தி பிள்ளையை இழந்த துயரில் பொய் சொல்கிறாள். அவளை அரக்கியாக்க நூல் முயலவில்லை.

அரசன் முதலில் செய்வது இருவர் சொன்னதையும் அப்படியே திருப்பிச் சொல்வது. ஒருத்தி இப்படிச் சொல்கிறாள், மற்றவள் அப்படிச் சொல்கிறாள் என்கிறான். விசாரணையில் இதைவிட எளிய செயல் இல்லை. கேட்டேன் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றும் இல்லை. பிறகுதான் வாள் வருகிறது. உயிரோடிருக்கும் பிள்ளையின் தாய் எவள் என்பதை நூலாசிரியர் வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். ஆனால் முதலில் பேசியவளா, மறுத்துப் பேசியவளா என்பதைச் சொல்லவில்லை. அவளிடம் கொடுங்கள் என்ற தீர்ப்பிலும் அது தெளிவாகவில்லை. வாதி பிரதிவாதி என்ற வரிசை அழிந்து, யார் இரங்கினாள் என்பது மட்டும் நிற்கிறது. இந்தப் புதிர்த்தன்மையை விரிவாக ஆராய்ந்த ஸ்டூவர்ட் லஸைன், 2 இராஜாக்கள் 6இல் சமாரியாவின் முற்றுகையின்போது இரு தாய்மார் ஓர் அரசனிடம் கொண்டுவரும் கொடூர வழக்கையும் இதற்கு எதிரே வைத்துக் காட்டினார். அங்கே அரசனால் செய்ய முடிந்தது உடையைக் கிழித்துக்கொள்வது மட்டும்.

பழைய வாசகர்களுக்கும் இத்தீர்ப்பு முழு நிம்மதி தரவில்லை. முதல் நூற்றாண்டின் யோசேபஸ், உயிருள்ள பிள்ளையோடு இறந்த பிள்ளையையும் சேர்த்து இரண்டாக்கச் சொன்னதாகவும், மக்கள் அந்தச் சிறுவயது அரசனை மறைவில் எள்ளியதாகவும் எழுதினார். தால்முத் இரண்டு திசையில் போகிறது. மக்கோத் பகுதியில் இவளே தாய் என்று வானத்திலிருந்து ஒரு குரல் உறுதி செய்ததாக வருகிறது. இரக்கத்தைக் காட்டினாள் என்பது மட்டும் சாட்சியாகிவிடாது, அவள் தந்திரமாகவும் நடந்திருக்கலாம் என்ற ஐயம் அதன் பின்னே இருக்கிறது. ரோஷ் ஹஷானா பகுதியில், சாட்சிகள் இல்லாமல் உள்ளத்தைக் கொண்டே தீர்ப்பளிக்க விரும்பிய அரசனை, இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி வானத்திலிருந்து வந்த ஒரு குரல் தடுத்துவிடுகிறது. ஞானமுள்ள நீதிபதிமீது இவ்வளவு எச்சரிக்கையோடு ஒரு மரபு இருந்திருக்கிறது என்பது நமக்கும் உதவும். தன்னுடைய உள்ளுணர்வைக் கடவுளின் குரலாக எண்ணிக்கொள்ளும் தலைவர்கள் எல்லாச் சமயங்களிலும் உண்டு.

இஸ்லாமிய மரபும் இக்கதையை வைத்திருக்கிறது. அபூஹுரைரா அறிவிக்கும் ஹதீஸில் ஒரு பிள்ளையை ஓநாய் கொண்டுபோகிறது. தாவூத் மூத்தவளுக்குத் தீர்ப்பளிக்கிறார். சுலைமான் கத்தி கேட்டதும் இளையவள் விட்டுக்கொடுக்க, பிள்ளை அவளுக்கே கிடைக்கிறது. குர்ஆனின் 21ஆம் அத்தியாயத்தில், ஆடுகள் மேய்ந்து அழித்த வயலின் வழக்கில் சுலைமானுக்கு இறைவன் விளக்கத்தைத் தந்ததாக வருகிறது. தந்தை மகன் இருவருக்குமே அறிவு அளிக்கப்பட்டது என்றும் உடனே சேர்க்கப்படுகிறது. 38ஆம் அத்தியாயத்தில் சுலைமான் தனக்குப் பின் எவருக்கும் வாய்க்காத ஆட்சியை வேண்டுகிறார். கிபியோனில் கேளாமல் கிடைத்த ஒன்று, இங்கே கேட்டுப் பெறப்படுகிறது.

5. அதோனிராமின் துறை

இரண்டு பெண்களுக்குப் பிறகு, சாதாரண மக்கள் வழக்கோடு அவன்முன் நிற்கும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஞானம் என்ற பேச்சு குறையவில்லை, பெருகுகிறது. 3000 நீதிமொழிகள், 1005 பாட்டுகள், லீபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புவரை தாவரங்களைப் பற்றிய பேச்சு, சேபாவின் அரசியோடு விடுகதைப் போட்டி. கேட்க வருகிறவர்கள் இப்போது வேற்று நாட்டு அரசர்கள். விவேகம் நியாயஸ்தலத்தை விட்டு விருந்து மண்டபத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

அந்த மண்டபத்தின் செலவையும் நூல் ஒளிக்கவில்லை. ஒரு நாளைக்கு 30 மரக்கால் மெல்லிய மா, 60 மரக்கால் சாதாரண மா, கொழுத்த மாடுகள் 10, மேய்ச்சல் மாடுகள் 20, ஆடுகள் 100. நாட்டைப் பன்னிரண்டு அதிகாரிகளிடம் பிரித்துக்கொடுத்து, மாதத்துக்கு ஒரு பகுதி என்று அரண்மனைக்குப் படியளக்க வைத்தார்கள். ஆலயத்துக்கு 7 ஆண்டுகள், அரசனின் வீட்டுக்கு 13 ஆண்டுகள். இஸ்ரவேல் முழுவதிலும் 30,000 பேர் அமஞ்சி என்ற கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டு, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பப்பட்டார்கள்; ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டில். சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல்வெட்ட 80,000 பேர், மேற்பார்க்க 3,300 பேர். இந்தத் துறையின் தலைவன் அதோனிராம். எண்கள் மிகைப்பட்டிருக்கலாம். ஆனால் மிகைப்படுத்தியவர்கள் இவற்றை அவனது மகிமையின் கணக்கிலேயே எழுதிவைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இஸ்ரவேல் மக்களை அவன் அடிமையாக்கவில்லை என்று 9:22 சொல்கிறது. 5:13 அதற்கு ஒத்துப்போகவில்லை. தற்காலிக அமஞ்சி வேறு, நிரந்தர அடிமைத்தனம் வேறு என்று பிரித்து இரண்டையும் இணக்குகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் யோசேப்பு வம்சத்தாரின் சுமைவேலைக்கு யெரொபெயாம் மேற்பார்வையாளனாக வைக்கப்பட்டான் என்று 11:28 சொல்வதால், வடபகுதி மக்கள் தோளில் பாரம் இருந்தது என்பதை மறுக்க வழியில்லை. நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும்: அமஞ்சித் துறையைச் சாலொமோன் உருவாக்கவில்லை. தாவீதின் கடைசிக் கால அதிகாரிகள் பட்டியலிலேயே அது இருக்கிறது. மகன் அதை நாட்டின் அளவுக்கு விரித்தான்.

ஆலயப் பிரதிஷ்டையில் அவன் செய்யும் ஜெபம் (8ஆம் அதிகாரம்) இந்த இடத்தில் புதிய பொருள் பெறுகிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் வேண்டுதல், பரலோகத்தில் இருக்கிற தேவரீர் கேட்டருளும் என்பதே. பஞ்சத்தில் கேளும், போரில் கேளும், அந்நியன் வந்து வேண்டினாலும் கேளும். அந்த வரிசையில் முதலாவது வருவது ஒரு வழக்கு: அயலானுக்குத் தீங்கு செய்ததாகக் குற்றம் சுமத்தப்பட்டவன் பலிபீடத்தின் முன் ஆணையிட்டால், நீரே நியாயம் தீரும் என்கிறான். சாட்சியற்ற வழக்கு, அதாவது அன்று அந்த இரண்டு பெண்கள் கொண்டுவந்த அதே வகை வழக்கு, இப்போது அரசனைத் தாண்டிக் கடவுளிடம் போகிறது. இதை மனத்தாழ்மை என்று படிக்கலாம். செவிகொடுக்கும் பொறுப்பைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறேன்.

6. சீகேமில் பேசியவர்கள்

11ஆம் அதிகாரம் 700 மனைவிகளையும் 300 மறுமனையாட்டிகளையும் பட்டியலிட்டு, அவர்கள் அவன் இருதயத்தை வழுவப்பண்ணினார்கள் என்று காரணம் காட்டுகிறது. உபாகமம் 17 அரசனுக்கு விதித்த தடைகளான குதிரை, மனைவி, பொன் மூன்றையும் அவன் மீறினான் என்பது இதன் அடிப்படை. யோசுவாவிலிருந்து இராஜாக்கள்வரை உபாகமத்தின் கண்ணோட்டத்தில் தொகுக்கப்பட்ட ஒரே வரலாறு என்று மார்ட்டின் நோத் 1943இல் முன்வைத்த கொள்கை, பல திருத்தங்களோடு, இந்த அமைப்பை விளக்க இன்றும் உதவுகிறது. சன்ஹெத்ரின் பகுதியில் ரபிகள் இன்னும் நுட்பமாக ஒன்றைச் சொல்கிறார்கள். மனைவிகள் மிகுந்தால் இருதயம் வழுவும் என்று சட்டமே காரணத்தைச் சொல்லிவிட்டது. நான் மிகுதியாக்குவேன், ஆனால் வழுவமாட்டேன் என்று சாலொமோன் எண்ணினானாம். காரணத்தை அறிந்தவன் விதி தனக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தான். அவனைக் கெடுத்தது அறிவின்மை இல்லை. கெடுத்தது அவன் அறிவே என்பது எனக்குத் தெரிந்த விளக்கங்களில் கூர்மையானது.

இந்த விளக்கங்கள் எல்லாம் அரண்மனைக்குள் நிற்பவை. அவன் இறந்ததும் சீகேமில் கூடிய மக்கள் மனைவிகளைப் பற்றியோ அந்நிய தேவர்களைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசவில்லை. உம்முடைய தகப்பன் வைத்த நுகம் பாரமாக இருந்தது, இலகுவாக்கும், உமக்கு வேலைசெய்வோம் என்ற பொருள்பட மட்டுமே அவன் மகன் ரெகொபெயாமிடம் கேட்டார்கள். நாற்பது ஆண்டுகளாகச் சொல்ல இடம் கிடைக்காத வழக்கு அது. முதியோர் இணங்கச் சொன்னார்கள். கூட வளர்ந்த வாலிபர் கடுமையாகப் பேசச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ராஜா மக்களுக்குச் செவிகொடாமல் போனான் என்கிறது நூல். பேச்சுவார்த்தைக்கு அவன் அனுப்பிய ஆள் வேறு யாருமில்லை, அமஞ்சித் துறையின் தலைவனே. மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள்.

பாதிப் பதில் என்று முன்பு சொன்னதற்கு வலுவான ஆதாரம் நாளாகமத்தில் இருக்கிறது. அந்நூலாசிரியர் சாலொமோனின் பெயரைக் காப்பாற்ற மிகவும் பாடுபட்டவர். கனவுக்கு முந்தைய கொலைகள் அவர் நூலில் இல்லை. மனைவிகளால் வந்த வீழ்ச்சியும் இல்லை. பிரிவினைக்கான பழியை ரெகொபெயாமின் இளமைமீதும் வீணர்கள்மீதும் போடுகிறார் (2 நாளாகமம் 13:7). அப்படிப்பட்டவர்கூடச் சீகேம் மக்களின் முறையீட்டை 10ஆம் அதிகாரத்தில் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருக்கிறார். 11ஆம் அதிகாரத்தின் குற்றப்பத்திரத்தை நீக்கிவிட்டுச் சாலொமோன் கதையைச் சொல்ல முடிந்திருக்கிறது. நுகத்தை நீக்கிவிட்டுச் சொல்ல முடியவில்லை. சமயப் பிறழ்வு இல்லாமலே நாடு பிளந்ததற்கு அந்தக் காரணம் போதுமானதாக அவருக்கும் பட்டிருக்கிறது.

இதனால் கிபியோனின் வரம் பொய்யாகிவிடவில்லை. அது எதற்காகக் கேட்கப்பட்டதோ அந்தப் பணியில் நடந்தவரை நடந்தது. பணி நின்றபோது அறிவாகவும் புகழாகவும் மட்டும் எஞ்சியது. வரம் கொடுக்கப்பட்டபோதே, என் வழிகளில் நடந்தால் என்ற நிபந்தனை நீடித்த ஆயுளோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தது (3:14). விவேகத்தை ஒருமுறை பெற்றுப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் சொத்தாக நூல் எங்கும் காட்டவில்லை.

7. யாக்கோபின் நிருபம்

ஞானத்தைக் கடவுளிடம் கேட்பது பற்றிப் புதிய ஏற்பாட்டில் நேரடியாகப் பேசுவது யாக்கோபின் நிருபம். குறைவுள்ளவன் கேட்கட்டும், சந்தேகப்படாமல் விசுவாசத்தோடு கேட்கட்டும், கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் கொடுப்பார் என்பது 1ஆம் அதிகாரத்தின் கருத்து. தேர்வுக்கால ஜெபங்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. நிருபம் நிற்பதில்லை. 2ஆம் அதிகாரத்தில், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தியவனுக்குப் பாதபடியின் அருகே இடமும் கொடுக்கும் சபையைப் பார்த்து, நீங்கள் தகாத எண்ணங்களோடு நியாயம் தீர்க்கிறவர்கள் என்கிறது. 3ஆம் அதிகாரத்தில் மேலிருந்து வரும் ஞானத்தைச் சாந்தத்தாலும் இரக்கத்தாலும் பட்சபாதமின்மையாலும் அடையாளம் காட்டுகிறது. 5ஆம் அதிகாரத்தில் வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. அந்தக் குரல் கடவுளின் செவியில் விழுந்தாயிற்று என்று நிலக்காரர்களுக்கு அறிவிக்கப்படுகிறது.

யாக்கோபு சாலொமோனின் பெயரை எடுக்கவில்லை. விசுவாசத்துக்கு உதாரணமாக அவர் தேர்ந்தெடுப்பது ஆபிரகாமையும் வேசியான ராகாபையும், ஜெபத்துக்கு எலியாவை. ஞானத்தைக் கேளுங்கள் என்று தொடங்கும் ஒரு யூதக் கிறிஸ்தவ ஆசிரியர், அதற்கு யாருக்கும் முதலில் நினைவுக்கு வரக்கூடிய அரசனை விட்டுவிட்டதைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்துவிடலாம். கூலியைப் பற்றி அப்படி எழுதக்கூடியவருக்கு லீபனோனுக்குப் போன அந்த 30,000 பேர் நினைவில் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.